க்யூ ஓடிய நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். எங்கள் மகள், மூன்றாம் வகுப்பு. சுவரைப் பார்த்துப் பாயில் படுத்திருந்தாள், தூங்கவில்லை. தெருமுனையில் பீச் ரோட்டில் என் டிரெய்லர் லாரி. அதற்குப் பின்னால் இன்னொரு டிரெய்லர், அதில் என் தோஸ்து. அவன் வீட்டுக்குள் இல்லை. ஆனாலும் அவனைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவன் அங்கே இருந்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்திருந்தேன்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

நான் கண்டெய்னர் ஓட்டுகிறவன். மணலி, எண்ணூர் பக்கத்து யார்டுகளில் பெட்டி ஏற்றுவோம். துறைமுகத்துக்குள் கொண்டுபோய் இறக்குவோம். நடுவில் இருப்பது கொஞ்ச தூரம்தான். ஆனால் அதைத் தாண்ட ஒரு நாள் ஆகும், சில நேரம் அதுக்கும் மேலே. கேட்டில் பேப்பர் பார்த்து ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். மற்ற வண்டியெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக எர்ணாவூர் வரை நிற்கும். ஒரு பக்கம் கடல், கருங்கல் கொட்டின கரை. மறுபக்கம் திருவொற்றியூர் வீடுகள். அதில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் ரூம்.

அதாவது, வேலைக்குப் போன வண்டி என் தெருமுனையிலேயே மணிக்கணக்காக நிற்கும்.

முன்னால் வண்டி நகர்ந்தால் நாமும் நகர்த்த வேண்டும். விட்டால் நடுவில் வேறு வண்டி நுழையும், சண்டை வரும். அதனால் ஜோடி சேர்ந்து நிற்போம். சாவி வண்டியிலேயே இருக்கும். நான் இறங்கிப் போனால் தோஸ்து என் வண்டியை ஒரு வண்டி நீளம் நகர்த்துவான். இறங்கி நடந்துபோய்த் தன் வண்டியை நகர்த்துவான். அவன் போனால் அதே வேலை எனக்கு. ஒரு நீள ஹாரன் அடித்தால், நகருது, நான் பார்த்துக்கறேன் என்று அர்த்தம். ரெண்டு குட்டி ஹாரன் அடித்தால் உடனே வா என்று அர்த்தம். என் மகளுக்கு ஏ பி சி டி தெரிவதற்கு முன்னாலேயே இது தெரியும்.

டிரைவர்கள் எல்லாரும் க்யூவைத் திட்டுவார்கள். எழுத முடியாத திட்டு. நான் திட்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு க்யூதான் ஆயா.

மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. செல்ஃபோன் செய்கிற கம்பெனி. வேன் வந்து ஏற்றிப் போகும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். நாள் பூரா ஃபோனை எடுத்து எடுத்து வைக்கிறவள், அவளுடைய ஃபோன் லாக்கரில் இருக்கும். கூப்பிட முடியாது. அதனால் ஸ்கூலில் என் நம்பர்தான் கொடுத்திருக்கிறோம்.

மகளுக்கு வீசிங். மணலி ஃபேக்டரிக் காற்று இந்தப் பக்கம் திரும்பின நாளில் டீச்சர் கூப்பிடுவார். "பாப்பாவுக்கு இழுக்குதுங்க, வந்து கூட்டிட்டுப் போங்க." நான் போவேன். நீல நிற இன்ஹேலர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அதை பம்ப் என்போம். அதன் முதுகில் சின்னதாக ஒரு ஜன்னல், அதில் ஒரு எண். ஒரு தடவை அழுத்தினால் ஒன்று குறையும். இழுக்கும்போது ரெண்டு அழுத்து. நேராக வாயில் அடித்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடுமாம். அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒரு முனையில் பம்ப், மறுமுனையில் அவள் வாய். டப்பாவை நான் பிடிப்பேன், அவள் இழுப்பாள். அப்புறம் தோளில் போட்டு முதுகைத் தடவுவேன். விலா எலும்பு உள்ளே போய் வெளியே வருவது கையில் தெரியும். அது நிற்கும் வரை நான் எங்கும் போக மாட்டேன். க்யூ நின்றால் நிற்கும், நகர்ந்தால் தோஸ்து நகர்த்துவான்.

மச்சான் வந்தது ஒரு வேலை விஷயமாக. அவர் வேலை செய்கிற யார்டில் ஒரு இடம் காலி.

"பெட்டி தூக்கி அடுக்கற மிஷினு, மாப்ள. நீதான் முன்னாடியே ஓட்டிகீறியே. பி.எஃப். கீது, இ.எஸ்.ஐ. கீது. பாப்பாவுக்கு வைத்தியம் பூரா அதுலயே பூடும்."

"டைமு?"

"காலைல எட்டு, ராவு எட்டு."

"நடுவுல வெளிய வுடுவானா?"

"நடுவுல வர்றதுக்கு அது இன்னா உன் பீச் ரோடா?"

"ஃபோனு?"

"கேட்லயே வாங்கி மாட்டிடுவான். மிஷின் மேல ஃபோன் ஆவாது. ஒருத்தன் பேசிகினே பெட்டிய எறக்கி, கீழ நின்னவன் பாதம் பூட்ச்சு."

மனைவி டீயை அவர் முன்னால் வைத்தாள். என்னைப் பார்த்துப் பேசினாள்.

"இன்னும் எத்தினி வருசம் லாரி ஓட்டுவ? முதுகு வலின்னு பெரண்டுகினு கெடக்கற. இது மாச சம்பளம்யா. தெனம் வூட்டுக்கு வருவ."

"டெய்லி வூட்லதான கீறேன்."

"வண்டி நிக்கறதால கீற. அது ஒரு கணக்கா?"

நான் பாயில் இருந்தவளைப் பார்த்தேன்.

"பாப்பாவ யாரு பாக்கறது?" என்றேன்.

"நான் நின்னுக்கவா?" என்றாள்.

அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த டம்ளரையே. அவள் அங்கே லைன் லீடர். அவளுக்குக் கீழே பெண்கள் வேலை செய்கிறார்கள். வேனில் ஜன்னலோர சீட் அவளுக்கு. பத்தாவது ஃபெயில் ஆனவளை 'அக்கா, இது சரியா பாருங்க' என்று டிப்ளமா படித்த பெண் கேட்கிறாளாம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"நீ ஏன் நிக்கணும்," என்றேன்.

"அப்ப நீ நில்லு."

"நான் நின்னுகினுதான் கீறேன். ரோட்டுல."

மச்சான் மட்டும் சிரித்தார். தெருவில் ரெண்டு குட்டி ஹாரன் கேட்டது. பாயில் இருந்து மகள் சொன்னாள், "நைனா, உன்னிய கூப்டறாங்க." நான் எழுந்தேன். மச்சான் மாடிப்படி வரைக்கும் வந்தார்.

"புதங்கெழமக்குள்ள சொல்லிடு மாப்ள. இல்லாங்காட்டி வேற ஆள் வெச்சுடுவாங்கோ."

திங்கட்கிழமை அந்தப் பெட்டியை இறக்கிவிட்டு மணலியில் அடுத்த பெட்டி ஏற்றினோம். டீக்கடையில் தோஸ்துவிடம் சொன்னேன். அவனுக்கு வீடு காசிமேட்டில். பெண்டாட்டி மீன் விற்கிறாள். மூன்று பிள்ளைகள், மூன்றும் மாமியார் வளர்க்கிறாள்.

"பூடு மாமு. இதுல இன்னா யோசன?"

"ஸ்கூல்ல கூப்ட்டா எப்டி போவேன்?"

"க்யூ நிக்கணும்னு வேண்டிக்கறவன் இந்த ரோட்லயே நீ ஒர்த்தன்தான்டா. எனக்கு நின்னா பேஜாரு, உனுக்கு நகந்தா பேஜாரு."

அவன் சொன்னது சரிதான். வண்டியில் ஏறி உட்கார்ந்து யோசித்தேன். யார்டுக்குப் போனால் வைத்தியத்துக்கு வழி உண்டு. ஆனால் வைத்தியம் வேண்டியிருக்கிற நேரத்தில் நான் இருக்க மாட்டேன். லாரியில் இருந்தால் நான் இருப்பேன். எனக்கு முதுகு போய்விட்டால் லாரியும் இருக்காது, நானும் எதற்கும் ஆக மாட்டேன். மனைவி நின்றால் எல்லாம் நேராகிவிடும், அவளைத் தவிர. எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி எங்கள் தெருவுக்கு நேராக நின்றது. டீச்சர் கூப்பிட்டார். போனேன். மகள் ஆபீஸ் ரூம் பெஞ்சில் ரெண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அப்படி ஊன்றினால் அவளுக்கு மூச்சு கொஞ்சம் வரும். பம்ப் அடித்தேன். அடங்கியது. தூக்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே இட்லிக்கடை. கடைக்கார அக்கா மகளைப் பார்த்துக்கொள்வார். அன்றைக்கு வியாசர்பாடியில் ஏதோ காதுகுத்து, கடை பூட்டியிருந்தது. மனைவிக்குக் காலை ஷிப்ட். மாலை ஆனால் வந்துவிடுவாள். அதுவரை மகளை வண்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகை உண்டு. அவளுக்கு அது புதுசு இல்லை. அங்கே படுத்துத்தான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தாள்.

டிரைவர்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு கொண்டுவந்த பெண்டாட்டியோ, பிள்ளையோ, யாராக இருந்தாலும் மீன்பிடித் துறைமுகத் திருப்பம் தாண்டுவதற்குள் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் ரெண்டு பக்கமும் சுவர். இறங்கினாலும் நடக்க வழி கிடையாது. நேராகக் கேட். கேட்டுக்குள் பாஸ் இல்லாத ஆள் போகக் கூடாது. ஆனால் எங்கள் தெருவிலிருந்து அந்தத் திருப்பத்துக்குப் போய்ச் சேர எப்போதும் அரை நாள் ஆகும். நான் அந்தக் கணக்கில் இருந்தேன்.

மகள் பலகையில் தூங்கிப்போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் க்யூ நகர்ந்தது. ஒரு வண்டி நீளம். பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவில்லை. முன்னால் ஏதோ விபத்து, வழி திருப்பி விடுகிறார்கள் என்று நினைத்தேன். விபத்து ஒன்றும் இல்லை. கேட்டில் புது வழிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். வேலை நடக்கிறது என்று தெரியும். திறக்கப் போவது யாருக்கும் தெரியாது.

ரோடு முழுக்க ஒரே ஓட்டம். கல்லுக் கரையில் குளித்துக்கொண்டிருந்தவன் சோப்பு நுரையோடு ஓடி வந்து வண்டியில் ஏறினான். சோறு பொங்கிக்கொண்டிருந்தவன் அடுப்பை அணைத்து, கொதிக்கிற குண்டானை அப்படியே தூக்கி உள்ளே வைத்தான். ஆள் இல்லாத வண்டிகளைச் சுற்றிக்கொண்டு மற்ற வண்டிகள் போயின. தோஸ்து பின்னாலிருந்து கல்யாண வீட்டு மேளம் மாதிரி ஹாரன் அடித்தான். பக்கத்தில் வந்தபோது தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"வுடு மாமு, ஜல்தியா வுடு. தொறந்து வுட்டானுங்கோ!"

அந்த ரோட்டில் நான் மூன்றாவது கியர் போட்டதே கிடையாது. அன்றைக்குப் போட்டேன்.

திருப்பம் வந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. கை காட்டினேன். எவனும் நிற்கவில்லை. நானாக இருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். பின்னால் பாரம் ஏற்றின வண்டிகள், பிரேக் போட முடியாது. திருப்பம் போய்விட்டது. ரெண்டு பக்கமும் சுவர் வந்தது.

மகள் எழுந்து முன்னால் பார்த்தாள். "நைனா, இன்னா இவ்ளோ ஸ்பீடா போற?" என்றாள். அவளுக்குச் சந்தோஷம்.

கேட்டில் காவலுக்கு நின்ற அம்மா வடக்கத்திக்காரர். மகளைப் பார்த்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "பச்சா நஹி," என்றார். பிள்ளை உள்ளே வரக் கூடாதாம். நான் தமிழில் சொன்னேன், உடம்பு சரியில்லை, வீட்டில் யாரும் இல்லை. அவர் தலையை ஆட்டினார். பின்னால் ஹாரன். வண்டியைத் திருப்ப இடம் இல்லை. கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டி. தோஸ்துவும் உள்ளே போக வேண்டியவன். யாரிடம் விடுவது?

காவல்கார அம்மா தன் ரூம் வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

மகளை இறக்கி உட்கார வைத்தேன். பையைக் கொடுத்தேன். டப்பாவையும் பம்பையும் கொடுத்தேன்.

"நைனா வந்துருவேன். குந்திகினு இரு. எங்கியும் எந்திரிச்சுப் போவாத."

"எப்ப வருவ?"

"எறக்கிட்டு வந்துருவேன்."

அவள் அழவில்லை. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். வளைவு வரைக்கும் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

உள்ளே அன்றைக்குக் கூட்டம். வெளியே நின்ற வண்டியெல்லாம் உள்ளே வந்து நின்றுகொண்டது, அவ்வளவுதான். கிரேன் ஒன்று வேலை செய்யவில்லை. இறங்கிப் போய்ச் சொல்லலாம் என்றால் அங்கே இறங்கி நடக்கக் கூடாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியின் நம்பரை ரெண்டு தடவை போட்டேன். லாக்கரில் அடித்திருக்கும்.

வெளியே வருகிற கேட் வேறு. வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வெயில் சாய்ந்துவிட்டது.

மகள் அதே நாற்காலியில் இருந்தாள். அவள் பக்கம் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தார்கள். மடியில் பிஸ்கெட்.

"எனுக்கு இழுத்துச்சு நைனா," என்றாள். "நானே அடிச்சிகினேன். அவங்க டப்பா புடிச்சாங்கோ."

காவல்கார அம்மா என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். ஒன்றும் புரியவில்லை. திட்டினாரா, தெரியாது. கடைசியில் மகளைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். நான் கும்பிட்டேன்.

திரும்பி வரும்போது ரோடு காலியாக இருந்தது. அந்த ரோட்டை நான் அப்படிப் பார்த்ததில்லை. கடல் தெரிந்தது. தோஸ்து ஃபோனில் கூப்பிட்டான். இனிமேல் ரோட்டில் நிற்கிறதே கிடையாதாம், எங்கேயோ தள்ளி ஒரு பார்க்கிங் போடப் போகிறார்களாம், நம்பர் வந்ததும் கிளம்பினால் நேராக உள்ளே போய்விடலாமாம். ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப், மூணு டிரிப் அடிக்கலாம் என்றான். டீ வாங்கித் தரேன் வா என்றான். நல்ல விஷயம்தான். நான் சரி என்றேன்.

மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் மகளின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் காதை எடுக்கவில்லை.

"நான் நின்னுக்கறேன்," என்றாள். இந்தத் தடவை கேள்வியாகக் கேட்கவில்லை.

"வோணா."

"வோணான்னா யாரு பாக்கறது? க்யூவும் பூட்ச்சுன்ற. நீயும் ரோட்ல இல்லன்னா யாரு வருவா?"

மகள் எங்கள் நடுவில் இருந்தாள். பம்பைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நானே அடிச்சிகினா யாரும் நிக்க வோணாமா?" என்று கேட்டாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ரெண்டு பேரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருக்க வேண்டும்.

புதன்கிழமை மச்சானோடு யார்டுக்குப் போனேன். மேனேஜர் சின்ன வயது. மரியாதையாகப் பேசினார். பகல் ஷிப்ட் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். இப்போதைக்குத் தரலாம், பிறகு மாறும் என்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, ஃபோனைக் கூட வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ரூல்ஸ் சார். அவசரம்னா செக்யூரிட்டிக்குப் பண்ணச் சொல்லுங்க, அவர் வந்து சொல்லுவார்."

"சொன்னா போலாமா?"

"மாத்து ஆள் இருந்தா போலாம்."

மாத்து ஆள் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. வெளியே வந்ததும் மச்சான் தோளில் தட்டினார். "இது போதும் மாப்ள. மத்தது பாத்துக்கலாம்."

சேர்ந்துவிட்டேன். மனைவியை நிற்க விடவில்லை.

மிஷின் உயரம். மேலே உட்கார்ந்தால் நாலு பெட்டி உயரத்துக்கு அந்தப் பக்கம் பீச் ரோடு ஒரு துண்டு தெரியும். வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், நிற்பதில்லை. பழைய பழக்கத்தில் காது ஹாரனைத் தேடும். முதுகு வலி குறைந்தது. இ.எஸ்.ஐ. அட்டை வந்துவிட்டது. மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம், இன்னொரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். பம்பை எப்படி அடிப்பது என்று நான் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். டப்பாவை அவளே பிடிக்கப் பழகினாள். டீச்சரிடம் சொல்லி, யார்டு செக்யூரிட்டி நம்பரைக் கொடுத்துவைத்தோம். வீட்டுச் சாவி அவள் கழுத்தில். மதிய ஷிப்ட் வாரத்தில் மனைவி வர நடு ராத்திரி ஆகும். ஸ்கூல் விட்டதும் மகள் இட்லிக்கடை அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், இல்லாவிட்டால் மாடியில் தனியாக.

வந்ததும் நான் கேட்பேன், "இன்னிக்கி எப்டி கீது பாப்பா?"

"நல்லா கீது நைனா."

தினமும் இதுதான். ஸ்கூலிலிருந்து ஃபோன் ஒன்றும் வந்திருக்காது. மனைவியும் கேட்பாள், அவளுக்கும் இதே பதில். வீசிங் விட்டுவிட்டது என்று இட்லிக்கடை அக்காகூடச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க நல்லாயிருந்தது.

போன வாரம் பழைய பம்ப் தீர்ந்துவிட்டது. சீக்கிரம் தீர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் வாங்கின நாளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? புதுசு வாங்கி வந்தேன். வேலைக்குக் கிளம்பும்போது அட்டைப்பெட்டியைப் பிரித்து, காற்றில் அடித்துப் பார்த்து, அவள் பையில் போட்டேன். அதற்குப் பிறகு ஜன்னலில் இருநூறு என்று இருந்தது.

அன்றைக்கு யார்டில் எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். மகள் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ரெண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்தாள்.

"இன்னிக்கி எப்டி கீது?"

"நல்லா கீது நைனா. பம்ப எடுக்கவே இல்ல."

கீழே போய் இட்லி வாங்கிவரச் சொன்னேன். படியில் அவள் மெதுவாக இறங்குவது கேட்டது. பையைத் திறந்து பம்பை எடுத்தேன். விளக்குக்கு நேராகத் திருப்பினேன்.

நூற்றுத் தொண்ணூற்று நான்கு.